கீலுக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கடையிலேயே டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிறாயா?

சிறையில் எனக்கு வேலை உயர்வு. துணி துவைக்கும் கூடத்தில் இருந்தவனைப் படிப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரோ தானமாகக் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. மற்ற கைதிகளின் மனுக்களை அதில் நான் அடித்துக் கொடுக்க வேண்டும். படிப்பறை அதிகாரிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதனால் எங்கள் எல்லாருக்கும் அவர் சோடாபுட்டி. உள்ளே வரும் கடிதம், வெளியே போகும் கடிதம் எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பவரும் அவர்தான். (வணக்கம் ஐயா. செல்லமாகத்தான் சொல்கிறோம்.)

அந்த லேப்டாப் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பழைய மெஷின் தாங்காது என்று கொடுத்தவர்களே ஏதோ லேசான சிஸ்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். லேசானது என்றால் சூடாகக் கூடாது அல்லவா? இது இஸ்திரிப் பெட்டியாகக் காய்கிறது. ஃபேன் பேய் பிடித்த மாதிரி அலறும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். நேற்று எங்கள் பிளாக்கில் இருக்கும் குறட்டைக்கு ஜாமீன் மனு அடித்துக்கொண்டிருந்தேன். (அவன் தூங்கினால் வேறு யாரும் தூங்க முடியாது, அதனால் அந்தப் பெயர்.) கடைசிப் பத்தியில் மெஷின் செத்தது. "என் பொண்டாட்டி பேரு அதுக்குள்ளதானடா இருந்துச்சு!" என்று கத்தி, நாற்காலியைத் தூக்கி என் தோளில் இறக்கிவிட்டான். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊரில் பாதி லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கிறவள் நீ. இதற்கு ஒரு வழி சொல்.

அம்மாவிடம் தோள் விஷயம் சொல்லாதே.

உன் தம்பி

---

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. வாய்தான் வீங்கியிருக்கிறது, பேசிப் பேசி. உன் தோளுக்கு என்ன பண்ணினாய் என்று எழுதவே இல்லையே? டாக்டரிடம் காட்டினாயா, இல்லையா?

முதலில் இதைப் பார். நீ ஒன்றும் செய்யாமல் சும்மா வைத்திருக்கும்போதும் மெஷின் சூடாகிறதா? ஆகிறது என்றால், மெனுவில் 'இயங்கும் வேலைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைத் திற. எது அதிகமாகத் தின்கிறதோ அது மேலே நிற்கும். அது என்னவென்று எழுது. கூடவே அடியில் இருக்கும் காற்று ஓட்டையில் கை வைத்துப் பார். காற்றே வரவில்லை என்றால் தூசி. காற்று வந்தும் கொதிக்கிறது என்றால் வேறு வியாதி.

இன்னொன்று. யார் அடித்தாலும் திருப்பி அடிக்காதே. நீ சுத்தியலைத் தூக்கியது ஒரு தடவை போதும். பட்டப்பகலில் அப்பாவை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்ற பட்டறைக்காரன் சாட்சி இல்லை என்று வெளியே வந்தான். அவன் தம்பியின் முழங்காலை உடைத்த நீ உள்ளே போனாய். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் விடை அதுதான். ஒழுங்காக இருந்தால் வருஷக் கடைசியில் விட்டுவிடுவார்கள். இரு.

கடை நன்றாக ஓடுகிறது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று.

அக்கா

---

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். தோள் சரியாகிவிட்டது. இப்போது பல்தான். பயப்படாதே, முன்பல் இல்லை, கடைவாய்.

சாப்பாட்டு வரிசையில் ஒருத்தன் இன்னொருத்தன் முகத்தில் கொதிக்கிற வெந்நீரைக் கொட்டினான். தோல் ஈரக் காகிதம் மாதிரி உரிந்து வந்தது. எல்லாரும் எல்லாரையும் அடிக்க ஆரம்பித்தார்கள். யார் யாருக்குப் பகை என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு முழங்கை என் தாடையில் பட்டது. நான் யாரையும் அடிக்கவில்லை. மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டேன். உன் பேச்சைக் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அந்தப் பல்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் இடத்தில் யார் தெரியுமா? மீன்! கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் மீன் நீந்துமே, அந்தப் படம். சோடாபுட்டிக்கு அது உயிர். நாள் முழுக்க நீந்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் நான் மனு அடிக்க உட்காரும்போதே மெஷின் கொதித்துப் போயிருக்கிறது. ஆனால் ஒரு மீனுக்கா இவ்வளவு சூடு? காற்றும் சரியாக வரவில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி

---

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன், பல் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டு.

மீன் கதைக்கு வருகிறேன். படம் வரைவதற்கென்றே உன் மெஷினில் தனிச் சில்லு உண்டு. அந்தச் சில்லோடு பேச ட்ரைவர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேண்டும். லேசாக்குகிறேன் பேர்வழி என்று அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அதனால் ப்ராசஸரே ஒவ்வொரு மீனின் செதிலையும் உட்கார்ந்து வரைகிறது. சட்டை மெல்லிசு என்றால் மூட்டை தூக்குகிறவனுக்கு வியர்க்காமல் இருக்குமா? மீனை நிறுத்து. அதிகாரி ஐயா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

அடுத்து, பவர் செட்டிங்கில் ப்ராசஸர் 'எப்போதும் முழு வேகம்' என்று இருக்கும். 'தேவைக்கேற்ப' என்று மாற்று. பாதிச் சூடு அதிலேயே போய்விடும். மீதிப் பாதிக்கு மெஷினைத் திறக்க வேண்டும். ஃபேனில் தூசி அடைத்திருக்கும், ப்ராசஸர் மேல் சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐயா பெயருக்கே ஒரு பேஸ்ட் ட்யூப் அனுப்பியிருக்கிறேன். அவர் அனுமதித்தால் அவர் முன்னாலேயே திற. ஸ்க்ரூடிரைவரை அவர் கையிலிருந்து வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடு. பழைய பேஸ்டைத் துணியால் துடைத்துவிட்டு அரிசி அளவு வை. வெண்ணெய் மாதிரி அப்பாதே.

வேறு விசேஷம் இல்லை. நல்லபடியாக இரு.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே. இங்கே சுகம்.

சோடாபுட்டி முன்னால் மெஷினைத் திறந்தேன். ஃபேனிலிருந்து ஒரு செத்த எலி அளவுக்குத் தூசி வந்தது. பேஸ்ட் வைத்தேன். செட்டிங் மாற்றினேன். மீனுக்கு அவர் துக்கம் காத்தார். இப்போது வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். குறட்டையின் மனு ஒரே மூச்சில் முடிந்தது. என்னைக் கட்டிப்பிடித்தான். அடித்த தோளிலேயே பிடித்தான்.

கடைக் கண்ணாடியை நீ கழற்றவில்லையாமே. மூன்று தடவை உடைத்தார்களாம். கடைசித் தடவை கல் அம்மாவின் நாற்காலி மேல் விழுந்ததாம். இங்கே ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். போகட்டும் விடு.

ஒரு சந்தேகம். லேப்டாப் மூடியைத் தாங்கும் கீலுக்குள்ளே நீளமாக ஒரு தகடு இருக்கிறது. அது எஃகா, வெறும் தகரமா? ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினால் மூடி நிற்குமா? இன்னும் கொஞ்சம் சூடு பாக்கி இருக்கிறது. இன்னொரு தடவை திறந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

தம்பி

---

ஏப்ரல் 7

தம்பி,

கீலுக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு எத்தனையோ பேர் சூடான லேப்டாப்போடு வந்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கீலைப் பற்றிக் கேட்டதில்லை. அதைத் தொடாதே. மெஷின் சரியாகிவிட்டது. இனி அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடி விஷயத்தை மறைத்தது என் தப்பு. கண்ணாடிதானே, வேறு போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உன்னைத் தினமும் கேட்கிறாள்.

உடனே பதில் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

---

ஏப்ரல் 15

அக்கா,

ஒரு வரி கேட்டாய். கீல் கழன்றுவிட்டது. கவலைப்படாதே.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். என்ன கேள்விப்பட்டாலும் அழாதே.

தம்பி

---

ஏப்ரல் 19

படிப்பறை அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இதைத் தபாலில் நம்பாமல் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்களிடம் மனு அடிக்கும் பையனின் அக்கா நான்.

எங்கள் அப்பா பூட்டுச் சாவி போடுகிறவர். பட்டறை வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தார். இடத்தைக் காலி செய்யவில்லை என்று பட்டறைக்காரன் அவரைத் தெருவிலேயே அடித்துக் கொன்றான். தெரு முழுக்கப் பார்த்தது, ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. அதற்குத்தான் என் தம்பி சுத்தியலை எடுத்தான். போன மாதம் வேறொரு அடிதடியில் பட்டறைக்காரன் கைதானான். எந்தச் சிறை என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியிடம் சொல்லவும் இல்லை.

என் கடைக் கண்ணாடியை மூன்று தடவை உடைத்ததும், கல் எங்கே விழுந்தது என்பதும் எங்களை விட்டால் உடைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அதை உங்கள் சிறையில் ஒருவன் என் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அவன் அங்கேதான் இருக்கிறான். மனு அடிக்க என் தம்பியின் எதிரில் வந்து உட்காருகிறான் என்றுதான் நினைக்கிறேன்.

லேப்டாப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் ஆடும். உள்ளே இருந்த எஃகுத் தகடு என் தம்பியிடம் இருக்கிறது. அவனைச் சோதனை போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.

இதனால் அவனுக்கு விடுதலை தள்ளிப்போகும் என்று தெரியும். யார் சொன்னது என்று அவன் கேட்டால் மறைக்க வேண்டாம். அவன் மேல் கை வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவன் அக்கா

---

ஏப்ரல் 24

அம்மணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த அன்றே சோதனை நடந்தது. கூர் தீட்டிய தகடு, காலில் சுற்றியிருந்த துணிக்குள் இருந்தது. தாங்கள் சொன்ன நபரையும் தங்கள் தம்பியையும் வெவ்வேறு பக்கம் பிரித்துவிட்டோம். மறுநாள் காலை அந்த நபருக்கு இன்னொரு மனு அடிக்க நேரம் ஒதுக்கியிருந்தேன். நானே ஒதுக்கியிருந்தேன். கீல் பற்றித் தாங்கள் இருவரும் எழுதிக்கொண்டதை நானும் படித்தேன், ரிப்பேர் பேச்சு என்றே விட்டுவிட்டேன்.

தங்கள் தம்பி எதிர்த்ததில் காவலர் ஒருவரின் கன்னம் கிழிந்தது. தங்கள் தம்பியை அடக்கியபோது அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. 'அடக்கியபோது' என்பது அலுவலகச் சொல். அவர் தரையில் விழுந்த பிறகும் அடி விழுந்துகொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். நிறுத்தச் சற்று நேரமானது. தாங்கள் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்ற முடியவில்லை.

தற்போது தனி அறையில் இருக்கிறார். தண்டனைக் குறைப்பு ரத்தாகிவிட்டது. தங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன்.

படிப்பறை அதிகாரி

---

மே 28

அன்புத் தம்பிக்கு,

பதில் வராமல் இது நான்காவது கடிதம். கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டார்களா? விரலை அசைக்க முடிகிறதா?

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். என்னை ஒரு அறை அறைந்தாள். பிறகு என் மடியிலேயே படுத்துக்கொண்டாள்.

நீ எழுத வேண்டாம். யாரையாவது விட்டு 'இருக்கிறான்' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்.

அக்கா

---

ஜூலை 11

இருக்கிறேன்.

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். வலது கையை வைத்துச் சோற்றைப் பிசைய முடியவில்லை. முதுகில் பூட்ஸ் தடம் இன்னும் இருக்கிறதாம். பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அடிக்கும்போது ஒருத்தன் சொன்னான், "உன் அக்காவேதான்டா போட்டுக் குடுத்துச்சு." நம்பவில்லை. என் அக்கா அப்படிச் செய்ய மாட்டாள் என்று சொன்னேன். அதற்கும் ஒரு உதை விழுந்தது. பிறகு சோடாபுட்டி உன் கடிதத்தைப் படித்தார். உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

பட்டறைக்காரன் என் எதிரில் உட்கார்ந்து என்ன சொன்னான் தெரியுமா? "உங்கப்பன் கடைசியா தண்ணி கேட்டான்டா. குடுக்கலாம்னுதான் நெனச்சேன்." இதைச் சொல்லிவிட்டு, "எங்க விட்டோம்? கனம் நீதிபதி அவர்களுக்கு..." என்று மனுவைச் சொன்னான். நான் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அன்றைக்குத்தான் கீலைப் பார்த்தேன்.

இப்போது அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. நான் அடித்த அதே மனுவுக்கு. இனி அவன் உன் தெருவில்தான் நடப்பான். நீ காப்பாற்றியது அவனைத்தான். சந்தோஷமாக இரு.

இனி எழுதாதே.

---

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

சொல்வது நான், எழுதுவது அம்மா. எழுத்து மோசம் என்று சொல்லாதே, பக்கத்திலேயே இருக்கிறாள்.

அவன் போன வாரம் மதியம் கடைக்கு வந்தான். தனியாகத்தான் வந்தான், கையில் கம்பியோடு. மேஜையில் திறந்து வைத்திருந்த லேப்டாப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தான். நிதானமாக, பாத்திரம் கழுவுகிறவன் மாதிரி. பிறகு, "ஜெயில்ல உன் தம்பிகிட்டேர்ந்து என்னைக் காப்பாத்துனியாமே? நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றான்.

என் கையில் சாலிடரை உருக்கும் சுடுகாற்றுத் துப்பாக்கி இருந்தது. சூடாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் ஒரு முழம் தள்ளி. கண்ணில் பிடித்திருக்கலாம். பிடிக்க ஆசையாக இருந்தது, தம்பி. அந்த நொடியில் உன்னை எனக்கு முழுசாகப் புரிந்தது. ஆனால் நான் முடிவெடுப்பதற்குள் அவன் கம்பியை இறக்கிவிட்டான். என் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அக்கா பொறுமைசாலி, அடங்கிப் போனாள் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்லாதே. எனக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

(விரல் போகவில்லை, உடைந்திருக்கிறது. இவள் எப்போதும் இப்படித்தான். அம்மா.)

இரண்டாவது அடியைத் தலைக்கு ஓங்கினான். அதற்குள் எதிர்க்கடைத் தையல்காரி தையல் மெஷின் ஸ்டூலோடு ஓடி வந்தாள். முடிதிருத்தும் அண்ணன், பாதி சோப்பு முகத்தோடு இருந்த ஒரு வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா சாகும்போது ஷட்டரை இழுத்து மூடியவர்கள்தான் தையல்காரியும் அண்ணனும். தையல்காரி அவன் முதுகில் உட்கார்ந்தபடியே அழுதாள். "அன்னைக்கே வந்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போலீஸிடம் மூவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் அப்பாவுக்கு நடந்ததையும் சேர்த்து.

அவனை மறுபடி அங்கேதான் கொண்டுவருகிறார்கள். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. உனக்கு நேராகவே சொல்கிறேன்.

நீ சொன்னாயே, காப்பாற்றியது அவனைத்தான் என்று. இல்லை. ஆனால் அதை உன்னிடம் நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை.

அக்கா

---

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நீங்கள் இருவரும் நலமா?

உங்கள் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிறது. படித்த அன்று தனி அறைச் சுவரில் தலையை மோதினேன். காவலர் வந்து பிடித்துக்கொண்டார். என்னால் கன்னத்தில் தையல் போட்டுக்கொண்ட அதே காவலர். பிடித்துக்கொண்டே நின்றார்.

போன மாதம் என்னை மறுபடி படிப்பறைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு யாருக்கும் அடிக்கத் தெரியவில்லையாம். லேப்டாப்பின் மூடி நிற்பதில்லை, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். சூடு இல்லை.

நேற்று அவன் வந்தான். வேறு பக்கத்தில் இருக்கிறவன். காவலரை எப்படிச் சரிக்கட்டினானோ, சோடாபுட்டி வெளியே போன நேரம் பார்த்து வந்து எதிரில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் மேஜைக்கடியில் என் மடியில் எதையோ வைத்தான். தொட்டுப் பார்த்தேன். கூர் தீட்டிய கரண்டிக் காம்பு. "நாங்க யாரும் பாக்கல" என்று காதில் சொன்னான்.

பட்டறைக்காரன் என் வலது கையைப் பார்த்தான். பிறகு, "ஜாமீன் மனு ஒண்ணு அடிச்சுக் குடு" என்றான்.

அக்கா, எனக்கு அவனைக் கொல்லத் தெரியும். அவன் கழுத்தில் எந்த இடம் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். உன் விரல்கள், அப்பா கேட்ட தண்ணீர், எல்லாம் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காம்பை எடுத்து மேஜை மேல் எல்லாரும் பார்க்க வைத்தேன்.

"உனக்கு அடிக்க மாட்டேன்" என்றேன். "உன்னை அடிக்கவும் மாட்டேன். எந்திரிச்சுப் போ."

அவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து போனான். போகும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

நான் வீரன் என்று நினைக்காதே. அவன் போன பிறகு வாந்தி எடுத்தேன். சோடாபுட்டி திரும்பி வந்து, காம்பைப் பார்த்து, என்னைப் பார்த்து, அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். முதல் மனு தள்ளுபடியான குறட்டை வந்து எதிரில் உட்கார்ந்து, "எனக்காவது அடிப்பியாடா?" என்றான். இடது கையால் அடித்துக் கொடுத்தேன். ரொம்ப மெதுவாகத்தான் போகிறது.

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று தெரியாது.

விரல் கட்டைப் பிரித்துவிட்டார்களா? மடங்குகிறதா? அடுத்த கடிதத்தை அம்மா எழுத வேண்டாம். கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் சரி, நீயே எழுது.

உன் தம்பி